ஒரே ஒரு டேங்க்

ரோசிலி ஓட்டிப் பழகிய ட்ரோன் கொடியைத் தாண்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துப் பாய்ந்ததே, அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பதற வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் மகள் ஆன்சி பிடித்திருந்த குடைதான் கிழிந்தது. ட்ரோன் இன்னும் ஒரு சாண் தாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மிக்ஸி ஓடினால்கூட ரோசிலி தலையைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

இன்று சனிக்கிழமை. இன்றுதான் ட்ரோன் லைசென்ஸ் பரீட்சை.

இவ்வளவு பயந்துகொண்டு எதற்காகப் போக வேண்டும் என்று கேட்பவர்கள், தொம்மிச்சன் மூச்சு விடுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ரோசிலியின் புருஷன். முப்பது வருஷம் முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு கேரளத்துக் குட்டநாட்டு வயல்களில் பூச்சி மருந்து அடித்தவன். போன போகத்தில் வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்தான். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் ரோசிலியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை மருந்து உள்ள போச்சுன்னா எங்கிட்டக் கொண்டு வராதீங்கம்மா. கொண்டு வர நேரம் இருக்காது."

வயல்காரர்கள் சேர்ந்து நடத்துகிற பாடசேகரக் கமிட்டியில் பேசி முடித்தாயிற்று. ரோசிலி பாஸானால் ஊர்க்கரையிலுள்ள அத்தனை வயலுக்கும் அவள்தான் ட்ரோனில் மருந்து தெளிப்பாள். பாஸாகவில்லை என்றால் அடுத்த பரீட்சை அறுவடைக்குப் பிறகுதான். அதுவரை தன் வயலுக்குத் தானே இறங்குவதாகத் தொம்மிச்சன் சொல்லிவிட்டான். பிடிவாதத்தில் அவனை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

விடிந்தும் விடியாமலும் ரோசிலி புட்டுக் குழாயில் மாவை அடைத்துக்கொண்டே பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டரி, பார்த்தாச்சு. இறக்கை, பார்த்தாச்சு. திருகு, பார்த்தாச்சு. காத்து எந்தப் பக்கம், பார்த்தாச்சு. சுத்தி ஆள் இல்ல, பார்த்தாச்சு."

"தேங்காய்ப்பூ போட்டாச்சா?" என்றாள் ஆன்சி.

ரோசிலி குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வெறும் மாவு.

"என் மாதாவே!"

"விடு அம்மே. பரீட்சையில புட்டு கேக்க மாட்டாங்க."

"உனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. ராத்திரி பூரா அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டுது. கண்ணை மூடினா உன் தலைதான் தெரியுது. அதுக்கு மேல அந்த எழவு மிஷின்."

ஆன்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தொன்பது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். பரீட்சைக்கு அம்மாவோடு போவதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வெளியே தொம்மிச்சன் இருமினான். "எடி கொச்சே, இங்க வா. வள்ளத்துல தண்ணி நிக்குது, இறைக்கணும்."

ஆன்சி போனாள். ஆனால் அவன் அவளைத் துறையில் கட்டியிருந்த எஞ்சின் வள்ளத்துக்குக் கூட்டிப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் வரப்பில் நடத்திக் கூட்டிப் போனான். அவன் கால் முட்டிவரை சேறாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்கிறான்.

பால் பிடித்து நின்ற பயிருக்கு நடுவில், ஒரு பாயை விரிக்கிற அகலத்துக்கு வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. தொம்மிச்சன் குனிந்து ஒரு தூரை விலக்கிக் காட்டினான். அடியில் பழுப்பாகப் பூச்சி மொய்த்தது.

"புகையான்," என்றான். "நேத்து சாயந்திரம் பாக்கறப்ப இல்ல."

"அம்மை இன்னைக்குப் பாஸாயிடும் அப்பச்சா. ரெண்டு மூணு நாள்ல லைசென்ஸ் நம்பர் வந்துடும்னு ட்ரோன் சார் சொன்னார்."

"ரெண்டு மூணு நாளா? நாளைக்கே இது அரை ஏக்கர் ஆகும். அப்புறம் பக்கத்து ஔசேப்பு வயல், அப்புறம் கரை முழுசும். தொம்மிச்சன் வயல்லேர்ந்துதான் வந்துச்சுன்னு நான் சாகறவரைக்கும் பேசுவானுங்க."

"வேற யாரையாவது கூப்பிடலாம்."

"இன்னைக்கா? கரையே கல்யாணத்துக்குக் கிளம்பிப் போகுது. ஒரு ஈ காக்கா இருக்காது." அவன் குரலைத் தாழ்த்தினான். "பனி உலரட்டும். பத்து மணிக்கு இறங்கறேன். ஒரே ஒரு டேங்க். இந்த வட்டத்தைச் சுத்தி அடிச்சிட்டு ஏறிடுவேன்."

பதினாறு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஆன்சி. அந்த வாயில் வழிந்ததைத் துடைத்தவள்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"டாக்டர் வயல்ல இறங்கியிருக்காரா? நீ வாங்கித் தந்த மாஸ்க் இருக்கே, அதைப் போட்டுக்கறேன். மேல துண்டும் கட்டிக்கறேன்."

"நான் அம்மைகிட்டச் சொல்லிடுவேன்."

"சொல்லு." அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "சொன்னா அவ வள்ளத்துல கால் வைக்க மாட்டா. பரீட்சை போச்சு. அப்ப அறுப்பு வரைக்கும் நான்தான் இறங்கணும். ஒரு டேங்க் போதுமா, அம்பது டேங்க் வேணுமா? நீயே சொல்லு மோளே."

ஆன்சி அவன் விலக்கிக் காட்டிய தூரைக் குனிந்து பார்த்தாள்.

"பரீட்சை முடியற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தாள். பெற்ற பிள்ளையை இப்படி இரண்டு பக்கமும் அடைத்து நிறுத்துகிற புத்தி இந்த ஆம்பிளைகளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ, எனக்குத் தெரியவில்லை. எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

எட்டு மணிக்கு அவனே வள்ளத்தைத் தள்ளிவிட்டான்.

"போயிட்டு ஜெயிச்சிட்டு வாடி. மொத சவாரி எனக்குத்தான்."

"அதுல ஆள் ஏற முடியாது இச்சாயா."

"நீ நெனச்சா ஏத்துவ." சிரித்தான். சிரிப்பு இருமலாகி, குனிந்து நின்று இருமி முடித்தான்.

"கப்பைக் கிழங்கு அவிச்சு வெச்சிருக்கேன். மத்திக் கறி மூடி வெச்சிருக்கு. பதினோரு மணிக்கு மாத்திரை, மறக்கக் கூடாது. அப்புறம் அந்த மோட்டார் பக்கம் போகவே கூடாது, கேட்டுச்சா?"

"நான் ஏன் போறேன்?" என்றான், அவள் கண்ணைப் பார்த்தே.

ஆன்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளத்தின் பின்கோடியில் இடது ஓரமாக உட்கார்ந்து, வலது கையை எஞ்சின் பிடியில் வைத்துத்தான் ரோசிலி எப்போதும் ஓட்டுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காஸ் சிலிண்டர், பிரசவ வலி கண்ட பெண்கள், எல்லோரும் அந்த வள்ளத்தில் போயிருக்கிறார்கள். காயல் தண்ணீரில் அவள் கை தவறியது என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தான் ட்ரோன் பயிற்சி மைதானத்தில் அவள் படும் அவமானம் அவளுக்கே புரியவில்லை.

பயிற்சி கொடுக்கிற ப்ரமோத் சாருக்கும் புரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு போகிற ட்ரோனை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம்; குச்சியை வலது பக்கம் தள்ளினால் அதுவும் வலது பக்கம் போகும். நம் முகத்தைப் பார்த்து வரும்போதுதான் வலது இடதாகி, இடது வலதாகி, ஆளைக் குழப்பிவிடும். எல்லோரும் தடுமாறுவது அங்கேதான். ரோசிலி அங்கே ஒரு நாளும் தடுமாறியதில்லை. அது முதுகைக் காட்டிப் போகும்போதுதான், அதுவும் பயம் வந்த நொடியில்தான், அவள் கை தப்பான பக்கம் தள்ளும். "சேச்சி, உங்களுக்கு எல்லாமே தலைகீழா இருக்கே," என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

பாதி வழியில் வளைவிலிருந்து, வீடு மாதிரிக் கூரை போட்ட ஒரு கெட்டுவள்ளம் திடீரென்று குறுக்கே வந்தது. மேல்தட்டில் சுற்றுலாக்காரர்கள் கையசைத்தார்கள். ரோசிலி கண்ணிமைக்கும் நேரத்தில் வள்ளத்தை ஒதுக்கி, அலையில் ஏற்றி இறக்கி, பழைய பாதைக்குக் கொண்டு வந்தாள்.

ஆன்சி அம்மாவின் கையையே பார்த்தபடி எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மே. இப்ப கையை எந்தப் பக்கம் தள்ளின?"

"உக்காருடி, கவுத்துடப் போற! வலது பக்கம் போகணும், வலது பக்கம் தள்ளினேன்."

"இல்ல. இடது பக்கம் தள்ளின. வள்ளம்தான் வலது பக்கம் போச்சு."

"என்ன உளர்ற?"

"மறுபடியும் திருப்பிப் பாரு. இந்தத் தடவை கையைப் பாரு, தண்ணியைப் பாக்காதே."

ரோசிலி திருப்பினாள். கையைப் பார்த்தாள். கை இடதுக்குப் போனது, வள்ளம் வலதுக்குப் போனது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இதைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

"எஞ்சின் பிடி அப்படித்தானே அம்மே? போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளணும். பயந்தா நீ ட்ரோன் ஓட்டல. வள்ளம் ஓட்டற."

ரோசிலி எஞ்சினை அணைத்தாள். வள்ளம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை இப்பவா சொல்லணும்?" என்றாள் பிறகு. "இன்னும் ரெண்டு மணி நேரத்துல பரீட்சை. இந்தக் கையை வெட்டிப் போட்டுட்டு வேற கை வாங்கிட்டு வரச் சொல்றியா?"

ஆன்சிக்கு அழுகை வந்தது. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தால், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்லாமல் இருப்பது இன்னொன்றும் இருக்கிறது. போனை எடுத்து மணியைப் பார்த்தாள், பத்தாக இன்னும் நேரம் இருந்தது.

மைதானம் காயலை ஒட்டி இருந்தது. நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி. கொடிக்கு வெளியே ட்ரோன் போனால் அந்த நிமிஷமே தோல்வி. வலது பக்கக் கொடிக்கு அப்பால் பெஞ்சுகள். போன வாரத்துக்குப் பிறகு பெஞ்சுகளை இன்னும் பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் ப்ரமோத் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மூணு வாரமா இது எனக்குத் தோணலையே! நான் டவுன்காரன் சேச்சி, வள்ளம் ஓட்டினதில்ல. சரி, இப்ப ஒண்ணே ஒண்ணுதான். பயப்படாதீங்க. பயந்தாதான் அந்தப் பழைய கை வரும்."

"அதை என் முட்டிகிட்டச் சொல்லுங்க சாரே. அதுதான் தனியா ஆடிக்கிட்டிருக்கு."

பரீட்சை நடத்த வந்திருந்தது ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கிராப் வைத்த நரைமுடி, கையில் அட்டை, வாயில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எட்டுப் பேரில் ரோசிலி ஐந்தாவது. அவளுக்கு முன்னால் போன ஷிபு, மூன்று வாரமாக எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த பையன், ட்ரோன் முகம் திரும்பி வந்தபோது குழம்பிப்போய்க் கொடிக்கு வெளியே விட்டுவிட்டான். அந்த அம்மாள் அட்டையில் ஒரு கோடு இழுத்தார். "அடுத்த ஆள்." அவ்வளவுதான். ஷிபு யார் முகத்தையும் பார்க்காமல் பைக் நிற்கிற பக்கம் போய்விட்டான்.

ரோசிலி இரண்டு கையையும் சேலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

மணி பத்து அடித்தபோது ஆன்சி மைதானத்துக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"டேங்க் கலக்கிட்டேன் கொச்சே. மாஸ்க் போட்டாச்சு. அம்மையை ஏத்தியாச்சா மைதானத்துல?"

"அப்பச்சா, வேண்டாம். எனக்காக விட்டுடு. நாளைக்கு நானே ஆள் பிடிச்சு..."

"வெச்சிடு மோளே. பனி உலர்ந்துடுச்சு."

வைத்துவிட்டான். ஆன்சி ஔசேப்பு மாமனுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மனைவிக்குப் போட்டாள். பக்கத்து வீட்டு ஜெயினம்மாவுக்குப் போட்டாள். எல்லோரும் சர்ச்சில் கல்யாணக் குர்பானா பூசையில், போன்களை ஊமையாக்கிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு மறுபடி போட்டாள். இந்தத் தடவை அவனும் எடுக்கவில்லை.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! சொல்லிவிட வேண்டியதுதான். மாதா மன்னிக்கட்டும், மன்னிக்காமல் போகட்டும். அவள் ஓடி வந்தாள்.

ரோசிலி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? நான் தோத்துடுவேன்னா?"

"இல்ல அம்மே..."

"தோக்கறது எனக்குப் பயமில்லடி. நாலு பேர் சிரிப்பாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும். நான் தோத்தா அந்த மனுஷன் இறங்கிடுவான். எனக்கு அந்த ஒரு பயம்தான். அவன் இல்லாத வீட்டுல நான் எப்படிடி சமைப்பேன், யாருக்குச் சமைப்பேன்?"

ஆன்சி வாயைத் திறந்தாள்.

"ரோசிலி தாமஸ்!" என்று கூப்பிட்டார்கள்.

ரோசிலி ஜெபமாலையை மகள் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திறந்த வாயோடு ஆன்சி நின்றாள். கூப்பிட ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியையும் அவள் விட்டுவிட்டாள். ஒரு டேங்கா, அம்பது டேங்கா என்று அப்பா கேட்டது காதில் நின்றது. பதினைந்து நிமிஷப் பரீட்சை. இங்கிருந்து வீட்டுக்கு வள்ளத்தில் ஒரு மணி நேரம். இப்போது சொன்னால் என்ன மிச்சம், சொல்லாவிட்டால் என்ன மிச்சம் என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மைதானத்தில் ரோசிலி சத்தமாக ஒப்பித்தாள். பேட்டரி, இறக்கை, திருகு, காத்து, ஆள். ஒன்றையும் விடவில்லை. ட்ரோன் கிளம்பியது. அந்த விசிறிச் சத்தம் கேட்டதும் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியது.

சதுரம் சுற்றினாள். மெதுவாகத்தான், ஆனால் தவறாமல். ஒவ்வொரு மூலையிலும் "வலதுன்னா வலது, இடதுன்னா இடது" என்று உதடு முணுமுணுத்தது. எட்டுப் போட்டாள். முகத்தைப் பார்த்து வரவழைத்தாள். ஷிபுவைக் கவிழ்த்த இடத்தில் அது சொன்ன பேச்சுக் கேட்டு வந்து நின்றது. ப்ரமோத் சார் கைமுட்டியை மடக்கித் தொடையில் தட்டிக்கொண்டார்.

கடைசிப் பாடம் மிச்சம். ட்ரோனைத் தானாக ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது ஜி.பி.எஸ். அதை அணைத்துவிடுவார்கள். பிறகு காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் அது போகும். கையால்தான் இழுத்துப் பிடித்து இறக்க வேண்டும். எப்போது அணைப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ட்ரோன் முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்றது. காயலிலிருந்து காற்று கிளம்பி, தென்னை ஓலைகள் சலசலத்தன.

"இப்போ," என்றார் அந்த அம்மாள்.

ட்ரோன் வழுக்கியது. வலது பக்கம். பெஞ்சுகள் இருந்த பக்கம்.

இடது பக்கம் இழுக்க வேண்டும். ரோசிலிக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தானே ஜெபமாக ஓதிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பெஞ்சில் ஆன்சி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு நேராக அது போய்க்கொண்டிருந்தது. ரோசிலியின் கை யாரையும் கேட்கவில்லை. வலது பக்கம் தள்ளியது. ட்ரோன் இன்னும் வேகமாக வலதுக்குப் பாய்ந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். ஆன்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கும் பயம்தான். நான் ஓடினால் அம்மை அதைப் பார்த்து இன்னும் பயப்படும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. ஜெபமாலையை இறுக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

கொடிக்குப் பத்தடி. எட்டடி.

இந்தக் கை மாறப் போவதில்லை என்று ரோசிலிக்கு அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷக் கை. சரி, நீ மாற வேண்டாம், ட்ரோன் மாறட்டும். அவள் வலது கையை அப்படியே விட்டுவிட்டு, ட்ரோனின் முகத்தைத் திருப்புகிற இடது கைக் குச்சியைத் தள்ளினாள். ட்ரோன் அந்தரத்தில் சுழன்று அவள் பக்கம் முகத்தைத் திருப்பியது.

ப்ரமோத் சார் "ஐயோ" என்றார். எல்லோரும் பயப்படுகிற நிலை அது. அதை இவள் தானாகவே வரவழைத்துக்கொண்டாள்.

வலது கை அதே பக்கம்தான் தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது ட்ரோன் இடதுக்கு வந்தது. கொடிக்கு நாலடி இருக்கும்போது நின்று, தயங்கி, காற்றை எதிர்த்துத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது ட்ரோனே இல்லை. எதிரலையில் ஆடிக்கொண்டு துறைக்கு வருகிற வள்ளம். அந்தக் காரியம் அவளுக்குத் தெரியும். கொண்டு வந்தாள், தாழ்த்தினாள், நடுக்கட்டத்தில் இறக்கினாள். விசிறிகள் நின்றன.

ரோசிலி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஏன் முகத்தைத் திருப்பினீங்க? அது ரொம்பக் கஷ்டமான நிலை ஆச்சே."

"எனக்கு அது முதுகைக் காட்டிப் போனாத்தான் பயம் மேடம். என்னைப் பார்த்து வந்தா என் கை சரியாத் தள்ளும். வள்ளக்காரக் கை."

அந்த அம்மாள் அட்டையைத் திருப்பினார். "முதல்ல தப்பான பக்கம் தள்ளினதுக்கு மார்க் குறைப்பேன்."

"குறைங்க மேடம்."

"நிறையக் குறைப்பேன்."

"சரி மேடம்."

"இருந்தாலும் வெளியே போகல. நீங்களா திருப்பிக் கொண்டு வந்தீங்க." அட்டையில் எழுதினார். "பாஸ். அடுத்த ஆள்."

ப்ரமோத் சார் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். யாரோ கை தட்டினார்கள். ரோசிலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வழிந்தது. இனி அந்த மனுஷன் இறங்க வேண்டாம். ஆயுசுக்கும் இறங்க வேண்டாம். அவள் மனசில் அது ஒன்றுதான் ஓடியது.

ஆன்சி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சுதடி, எதுக்கு நடுங்கற? பார், உன் மேல ஒரு தூசி படல."

"அம்மே, அப்பச்சனுக்குப் போன் போடு."

"போடாம இருப்பேனா? போனை எடு."

"சீக்கிரம் போடு அம்மே."

ரோசிலி போட்டாள். ஏழு தடவை மணி அடித்தது. எடுத்தான்.

"இச்சாயா! பாஸ்! பாஸாயிட்டேன்!"

"எனக்கு... அப்பவே தெரியும்டி." மூச்சு வாங்கியது. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுகிற குரல், அமுங்கி வந்தது. அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

ரோசிலியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவள் அவள். பஸ் எது, படகு எது, முதுகில் கட்டிய மருந்து மோட்டார் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க நிக்கற?"

"வீட்ல."

"இச்சாயா."

"வீட்லதான்டி. கப்பை... தின்னுட்டிருக்கேன்."

ரோசிலி ஆன்சியைப் பார்த்தாள். ஆன்சி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையிலேயே ரோசிலிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுத்துறையைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள், போன் காதிலேயே இருந்தது.

"மோட்டாரை அணை. மொதல்ல அதை முதுகுலேர்ந்து இறக்கு. இறக்கிட்டு வரப்புல ஏறு. நான் பாஸாயிட்டேன், கேட்டுச்சா? இனி நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் வர்றேன், நான் அடிக்கறேன், நீ ஏறு."

"இன்னும் கால் டேங்க்தான்... ரோசிலி..."

இருமல். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம்.

"இச்சாயா? பேசு இச்சாயா. எதாவது பேசு."

பதில் வரவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

(தொடரும்)